உலைக்குள் இருக்கும் சூடு ஒயர் வழியாக வந்த கதை

1/
தொழிற்சாலை உலைகள்ல சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் இருக்கில்லையா, அதுக்கு அடித்தளம் போட்டவர் ஒரு டாக்டர். பெயர் தாமஸ் சீபெக். 1802-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். படிச்சது மருத்துவம், மனசு போனது இயற்பியல் பக்கம்.

இன்னைக்கு இந்த இழையில் ஸ்டெதாஸ்கோப்பை ஓரமா வெச்சிட்டு, உலைக்குள் இருக்கும் சூடு ஒரு ஒயர் வழியா கன்ட்ரோல் ரூமுக்கு எப்படி வந்து சேர்ந்ததுங்கிற கதையைப் பார்ப்போம். கொஞ்சம் நீளம்தான். கடைசியில் ஓர் அணு உலை வரும். பொறுமையா வாங்க.

2/
கருவி வர்றதுக்கு முன்னாடி கண்ணுதான் கருவி. இரும்பு மங்கின சிவப்பா இருக்கா, ஆரஞ்சா மாறிடுச்சா, வெள்ளையா தகதகக்குதா என்று பார்த்தே கொல்லரும் குயவரும் சூட்டைச் சொன்னார்கள். அனுபவம் உள்ளவர் கண் பெரும்பாலும் தப்பாது. ஆனா அவர் ஒருநாள் லீவு போட்டா?

இங்கிலாந்தின் புகழ்பெற்ற பீங்கான் உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட் 1782-ல் ஒரு வழி சொன்னார். சின்னக் களிமண் உருளைகளை உலைக்குள் போட்டு எடுத்து, எவ்வளவு சுருங்கியிருக்குன்னு அளப்பது. நல்ல யோசனை. ஆனால் அவர் சொன்ன டிகிரிக் கணக்கு நிஜ வெப்பத்தைவிட மிக மிக அதிகமா இருந்தது. அதோட, உருளையை வெளியே எடுத்தாத்தான் விடை தெரியும்.

3/
1821. பெர்லின். சீபெக் இரண்டு வெவ்வேறு உலோகங்களை வளையமாகச் சேர்த்து, ஒரு இணைப்பை மட்டும் சூடாக்கினார். பக்கத்தில் வெச்சிருந்த திசைகாட்டி முள் திரும்பியது.

அவர் இதை "சூடு காந்தத்தை உண்டாக்குது" என்று புரிந்துகொண்டார். துருவமும் நிலநடுக்கோடும் வேற வேற சூட்டில் இருப்பதால்தான் பூமிக்குக் காந்தம் வந்ததோ என்றுகூட யோசித்தார். உண்மையில் வளையத்தில் ஓடியது மின்சாரம், முள்ளைத் திருப்பியது அந்த மின்சாரத்தின் காந்தப்புலம். ஒர்ஸ்டெட்தான் இதற்கு வெப்பமின் விளைவு என்ற சரியான பெயரைக் கொடுத்தார். நோய்க்குறியைச் சரியாகப் பார்த்து, டயக்னோசிஸை வேற மாதிரி எழுதிட்டார் சீபெக். பார்த்ததை அப்படியே பதிவு செய்ததால் அவர் பெயர்தான் இன்னும் நிக்குது.

4/
இந்த மின்சாரம் எவ்வளவு? ரொம்ப ரொம்பக் கொஞ்சம். இன்றைய ஆலைகளில் அதிகம் புழங்கும் "கே டைப்" தெர்மோகப்பிளில் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். அதாவது 1 மில்லிவோல்ட் என்றால் ஏறத்தாழ 24 டிகிரி வித்தியாசம்.

நம்ம துறையில் ஒப்பிடணும்னா ஈசிஜி. தோலின் மேல் இதயம் காட்டும் சிக்னலும் 1 மில்லிவோல்ட் அளவுதான். ஆயிரத்தைத் தாண்டிய சூட்டில் கொதிக்கும் உலையும் இதயத்தைப் போலவே முணுமுணுப்பாத்தான் பேசுது. அந்த முணுமுணுப்பு மோட்டார், வெல்டிங், பம்ப் எல்லாம் ஓடுகிற ஆலைக்குள் நூறு மீட்டர் ஒயரில் பயணம் செய்யணும். பிரச்சனை இங்கேதான் ஆரம்பம்.

5/
1886-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி லெ ஷாட்லியே, ஒரு பக்கம் பிளாட்டினம், இன்னொரு பக்கம் பிளாட்டினத்தோடு 10 சதவீதம் ரோடியம் கலந்த கம்பி என்று ஒரு ஜோடியை அமைத்தார். பள்ளியில் வேதிச் சமநிலை பாடத்தில் படிச்சோமே, அதே லெ ஷாட்லியேதான். உலைச்சூட்டை நம்பி அளக்க இதுதான் வழி திறந்தது. கண்ணை நம்பியிருந்த இரும்பு, பீங்கான், சிமென்ட் உலைகளுக்கு முதன்முறையாக எண் கிடைத்தது.

6/
ஒரு முக்கியமான விஷயம். தெர்மோகப்பிள்னா முனையில் இருக்கிற அந்தச் சின்ன வெல்டிங் பொட்டுதான் சென்சார் என்று பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மின்னழுத்தம் பிறப்பது அந்தப் பொட்டில் இல்லை. கம்பி நெடுக, எங்கெல்லாம் சூடு குறைந்துகொண்டே வருதோ அங்கெல்லாம் பிறக்குது. அதாவது முழு ஒயரும் சென்சார்தான்.

அதனால்தான் நடுவில் கம்பி பத்தலைன்னு சாதாரணச் செம்பு ஒயரைப் போட்டு நீட்டினால், மீட்டர் தப்பாகக் காட்டும். செம்பு தொடங்கும் இடம் உலைக்குப் பக்கத்தில் 80 டிகிரியில் இருக்குன்னா, அங்கிருந்து மீட்டர் வரைக்குமான சூட்டு வித்தியாசம் கணக்கில் வராமலே போயிடும். அதே குணமுள்ள உலோகத்தில் செய்த நீட்சி ஒயர்தான் போடணும்.

7/
இன்னொண்ணு, தெர்மோகப்பிள் சூட்டைச் சொல்லாது. சூட்டு வித்தியாசத்தைத்தான் சொல்லும். சூடான முனைக்கும் மீட்டர் முனைக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் மீட்டர் முனையை உருகும் பனிக்கட்டியில் வெச்சு அதைப் பூஜ்ஜியமா எடுத்துக்கிட்டாங்க. இப்போ மீட்டருக்குள்ளேயே ஒரு சின்ன சென்சார் அந்த முனையின் சூட்டைப் பார்த்துக் கூட்டிக்கொடுக்குது. மீட்டர் பெட்டி மேல வெயில் அடிச்சாலும் ரீடிங் ஆடுவதற்கு இதுதான் காரணம்.

8/
இதற்கு இணையா இன்னொரு கதை கப்பலில் நடந்தது. 1860 வாக்கில் வில்லியம் சீமென்ஸ் கடலடித் தந்திக் கேபிள்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். கப்பலின் அடியறையில் சுருட்டி வெச்ச கேபிள் உள்ளுக்குள் சூடாகும். சூடானால் மேலுறையாக இருக்கும் குட்டா-பெர்ச்சா இளகிடும், கேபிள் பாழ். சுருளுக்கு நடுவில் கண்ணாடி வெப்பமானியை எப்படி நுழைப்பது?

உலோகம் சூடானால் அதன் மின்தடை ஏறும். அந்தத் தடையை அளந்தா உள்ளே இருக்கும் சூடு தெரிஞ்சிடும். இதை வளர்த்தெடுத்து 1871-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் உரையாக்கினார். இன்று ஆலைகளில் "பிடி நூறு" என்கிறார்களே, அதன் மூதாதை இதுதான்.

9/
பிடி நூறு என்றால் பிளாட்டினம், பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம். ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.385 ஓம் கூடும். இப்போ கணக்கு பாருங்க. சென்சார் தொலைவில் இருக்கு, போக வர ரெண்டு ஒயரும் சேர்ந்து 2 ஓம் என்றால், மீட்டர் அதையும் சூடு என்றே நினைக்கும். 5 டிகிரி பொய். வெயில் ஏறினால் ஒயரின் தடையும் ஏறும், பொய்யும் கூடும்.

தந்தித் துறையில் பழகிய சீமென்ஸுக்கு இது நல்லாத் தெரியும். மூன்றாவதாக ஒரு ஒயரைச் சேர்த்து, ஒயரின் தடையைத் தனியா எடுத்துக் கழிக்க வழி செய்தார். இன்னைக்கும் பிடி நூறு சென்சாரில் ஒரே நிறத்தில் ரெண்டு, வேற நிறத்தில் ஒண்ணு என மூணு ஒயர் தொங்குதே, காரணம் இதுதான். "மூணாவது எதுக்கு, சும்மாதானே இருக்கு"ன்னு வெட்டி விட்டா 150 வருஷ அறிவை வெட்டி விட்டதா அர்த்தம்.

10/
சீமென்ஸின் கருவியும் சரியாக நிலைக்கவில்லை. சூடேறி ஆறிய பிறகு அதன் தடை பழைய நிலைக்குத் திரும்பலைன்னு பிரிட்டிஷ் அசோசியேஷன் குழு கண்டறிந்தது. களிமண் உருளையில் சுற்றி, இரும்புக் குழாய்க்குள் வெச்சதால் பிளாட்டினத்தில் அசுத்தம் ஏறியிருந்தது. 1887-ல் கேம்பிரிட்ஜின் ஹ்யூ காலெண்டர், சுத்தமான பிளாட்டினத்தை மாசுபடாமல் வெச்சா அது நம்பகமானது என்று நிரூபித்தார். ஒயரின் தடையைக் கழிக்க, சென்சார் இல்லாத ஒரு போலி ஒயர் ஜோடியையும் பக்கத்திலேயே ஓட்டினார்.

1927-ல் உலக நாடுகள் சேர்ந்து ஒரே வெப்ப அளவுகோலை ஏற்றபோது, அதில் பிளாட்டினம் தடையும் லெ ஷாட்லியே வகைத் தெர்மோகப்பிளும் ரெண்டுமே அதிகாரபூர்வக் கருவிகளாக இடம்பெற்றன.

11/
இதுவரைக்கும் ஒயர். இனி எர்த். ஒயர் கடைசியில் எங்கேயோ மண்ணைத் தொடுதே, அந்த மண்ணின் கதை.

1838-ல் மூனிக்கைச் சேர்ந்த கார்ல் ஸ்டைன்ஹைல், தந்திக்கு ரயில் தண்டவாளத்தையே கம்பியாகப் பயன்படுத்த முடியுமான்னு சோதித்தார். அது சரிவரவில்லை. ஆனால் திரும்பி வரும் ஒயரே தேவையில்லை, அந்த வேலையை பூமியே செய்யும் என்பது தெரிந்தது. செலவு பாதியாச்சு. ரெண்டு முனையிலும் ஒரு தகட்டைப் புதைச்சா போதும். உலகம் முழுக்கத் தந்தி இப்படித்தான் ஓடியது.

12/
1859 செப்டம்பர். பெரிய சூரியப் புயல். தந்திக் கருவிகள் தாறுமாறா ஆடின. அமெரிக்காவின் பாஸ்டன் - போர்ட்லாந்து லைனில் ரெண்டு பக்க ஆபரேட்டர்களும் பேசிக்கொண்டு பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். பேட்டரி இல்லாமலே ஏறத்தாழ ரெண்டு மணி நேரம் செய்தி ஓடியது!

மின்சாரம் எங்கிருந்து வந்தது? ரெண்டு ஊர் மண்ணுக்கும் இடையே அன்று உருவான மின்னழுத்த வித்தியாசம் அந்த ஒயர் வழியா ஓடியது. "எர்த்னா பூஜ்ஜியம்" என்று நாம் நினைக்கிறோம். இங்கே ஒரு பூஜ்ஜியம், அங்கே ஒரு பூஜ்ஜியம். ரெண்டும் ஒண்ணு கிடையாது. ரெண்டையும் ஒயரால் இணைத்தால் கரண்ட் ஓடும்.

13/
அடுத்து தொலைபேசி. தந்தியைப் போலவே ஒத்தை ஒயர், திரும்பி வர மண். மின்சார டிராம் வந்த பிறகு, தண்டவாளம் வழியா மண்ணுக்குள் போன டிராம் கரண்ட் ரிசீவரில் இரைச்சலாகக் கேட்டது. தீர்வு, மண்ணை விட்டுட்டு ரெண்டு ஒயர் போடுவது. இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ரெண்டிலும் ஒரே அளவு ஏறி, ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய சென்சார் கேபிள் உறையைப் பிரிச்சுப் பாருங்க, ஒயர்கள் முறுக்கித்தான் இருக்கும்.

14/
மருத்துவத்துக்கும் இதே பாதைதான். லெய்டன் நகரில் வில்லம் ஐந்தோவனின் ஈசிஜி கருவி ஏறத்தாழ 270 கிலோ. ஆய்வகத்திலிருந்து அதை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. அதனால் நோயாளியை மருத்துவமனையிலேயே உட்கார வெச்சு, கை கால்களை உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைக்கச் சொல்லி, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைபேசி ஒயர் வழியா இதயத்தின் சிக்னலை ஆய்வகத்துக்கு வரவழைத்தார். தூரத்திலிருக்கும் சென்சாரை ஒயரில் படிப்பதில் ஆலைக்காரர்களும் நாமும் ஒரே படகில்தான்.

15/
இப்போ ஆலைக்குள் வருவோம். தெர்மோகப்பிளின் முனை பல நேரம் வெளியுறைக் குழாயோடு சேர்த்தே வெல்டிங் ஆகியிருக்கும். சூடு சீக்கிரம் தெரியும் என்பதற்காக. குழாய் உலையோட உடம்பைத் தொடுது, உலை எர்த் ஆகியிருக்கு. மறுமுனையில் கன்ட்ரோல் ரூம் மீட்டரும் தனியா எர்த் ஆகியிருக்கு.

ரெண்டு எர்த். 1859 நினைவிருக்கா? சூரியப் புயலே வேண்டாம். பக்கத்தில் ஒரு பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆனாலே ரெண்டுக்கும் நடுவில் வித்தியாசம் வரும். சிக்னலோடு 1 மில்லிவோல்ட் கலந்தாலே 24 டிகிரி பொய் என்று மேலே பார்த்தோம். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

16/
இதற்கு அனுபவம் சொல்லித்தந்த சில விதிகள்:

கேபிளின் ஷீல்டை ஒரே முனையில் மட்டும் எர்த் பண்ணணும். ரெண்டு பக்கமும் பண்ணினா ஷீல்டே லூப் ஆகிடும்.

முனை ஏற்கனவே உலையில் எர்த் ஆகியிருந்தால், மீட்டர் பக்கம் எர்த்திலிருந்து பிரிக்கப்பட்ட உள்ளீடு வேணும்.

பவர் கேபிளும் சென்சார் கேபிளும் ஒரே டிரேயில் படுக்கக் கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாக் குறுக்கிடணும்.

17/
ஒண்ணு மட்டும் எழுத்தைக் கொட்டைப் பெரிசா போட்டுச் சொல்லணும். இரைச்சல் வருதுன்னு கருவியின் பாதுகாப்பு எர்த்தை வெட்டக் கூடாது. சிக்னல் எர்த் வேற, உயிர் காக்கிற எர்த் வேற.

மூணு பின் பிளக்கில் பெரிய பின்னை உடைச்சிட்டு "இப்போ சுத்தமா இருக்கு சார்"னு சொல்ற பழக்கம் ஆலையிலும் உண்டு, ஆஸ்பத்திரியிலும் உண்டு. இதயத்துக்குள் நேரடியாகக் கம்பி போயிருக்கும் நோயாளிக்கு மிகச் சொற்பக் கசிவு கரண்ட்கூட இதயத் துடிப்பைக் குலைக்கும். அதனால்தான் இதயத்தோடு நேரடியாக இணையும் கருவிகளுக்குச் சாதாரண இயக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் நோயாளி வழியே கசியக் கூடாதுன்னு சர்வதேச விதி வெச்சிருக்கு.

18/
இன்னொரு அழகான யோசனை, 4 முதல் 20 மில்லி ஆம்பியர் லூப். வோல்ட்டுக்குப் பதிலாகக் கரண்ட்டாக அனுப்பினால் ஒயர் நீளம் கணக்கைக் கெடுக்காது. ஏன் பூஜ்ஜியத்தில் தொடங்கலை? மிகக் குறைந்த அளவுக்கே 4 மில்லி ஆம்பியர் வரணும். பூஜ்ஜியம் வந்தால் "குளிர்ந்திருக்கு"ன்னு அர்த்தமில்லை, ஒயர் அறுந்திருக்குன்னு அர்த்தம்.

"நோயாளி அமைதியா இருக்கார்" என்பதற்கும் "லீட் கழன்டு கிடக்கு" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மெஷினே சொல்லும் ஏற்பாடு.

19/
இனி அந்த அணு உலை. 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்கா, பென்சில்வேனியா, த்ரீ மைல் ஐலேண்ட், இரண்டாவது அலகு. பம்புகள் நின்றன. அழுத்தம் ஏற, ஒரு வால்வு தானே திறந்தது. பிறகு மூடியிருக்கணும், மூடலை. குளிர்விக்கும் தண்ணீர் அது வழியா வெளியேறிட்டே இருந்தது.

கன்ட்ரோல் ரூம் விளக்கு "மூடியாச்சு" என்பது போலக் காட்டியது. காரணம், அந்த விளக்கு வால்வின் நிலையைச் சொல்லவில்லை. மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டுமே சொன்னது. மருந்து சீட்டில் எழுதியாச்சு, நோயாளி சாப்பிட்டாரான்னு யாரும் பார்க்கலை.

20/
ஆனா உண்மையைச் சொல்ல ஒரு தெர்மோகப்பிள் இருந்தது! வால்வுக்குப் பின்னால் உள்ள குழாயில். அது அதிகச் சூடு காட்டியது. ஆபரேட்டர்கள் அதைப் பெரிசா எடுத்துக்கலை. ஏன்னா அங்கே ஏற்கனவே கொஞ்சம் கசிவு இருந்து, அந்த ரீடிங் வழக்கமாவே ஏறித்தான் இருக்கும். "அது எப்பவும் அப்படித்தான்." அந்த வழியை அடைக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு.

21/
உலையின் மையத்தில் 52 தெர்மோகப்பிள்கள் இருந்தன. கம்ப்யூட்டர் 700 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 371 செல்சியஸ் வரைக்கும்தான் அச்சடிக்கும். அதுக்கு மேல போனா வெறும் கேள்விக்குறிகள். அன்று காலை கேள்விக்குறிகளாகவே வந்தன.

அப்போ டெக்னீஷியன்கள் பழைய வழிக்குப் போனார்கள். ஒயர் முனைகளில் நேரடியாக வோல்ட் மீட்டரை வெச்சு மில்லிவோல்ட்டைப் படித்தார்கள். சீபெக்கின் முள் காட்டிய அதே மின்சாரம். சில ஒயர்கள் 2000 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் மேல் சொன்னன. சில ஒயர்கள் 200 சொச்சம்தான் சொன்னன.

22/
இவ்வளவு முரண்பாடா? குறைவான ரீடிங் நிச்சயம் தப்பு, அப்போ அதிகமான ரீடிங்கும் தப்பாத்தான் இருக்கும் என்று முடிவாகி, ரீடிங்குகள் ஒதுக்கப்பட்டன.

உண்மை என்ன? அதிகமான ரீடிங் உண்மை. குறைவான ரீடிங்கும் சும்மா வரவில்லை. கம்பி உருகி வேறொரு இடத்தில் ஒட்டிக்கொண்டால், அந்த இடமே புதிய சந்தியாகி அங்குள்ள சூட்டைச் சொல்லும். உலைக்குள் அப்படியும் நடந்திருந்தது. சென்சார்கள் தங்களால் முடிந்த உண்மையைச் சொல்லிட்டுத்தான் இருந்தன.

23/
நேர்மையாச் சொல்லணும்னா, அந்த ரீடிங் எடுத்த நேரத்தில் பெரும் சேதம் ஏற்கனவே நடந்துவிட்டது. ஆனால் மையம் தண்ணீரில்லாமல் கிடந்தது என்பதை அப்போதே ஏற்றிருந்தால், அடுத்த பல மணி நேரங்கள் இருட்டில் துழாவியிருக்க வேண்டாம். நிலையான குளிர்விப்பு திரும்பியது அன்று இரவு சுமார் 8 மணிக்கு. மையத்தில் ஏறத்தாழ பாதி உருகியிருந்தது என்பது சில வருடங்கள் கழித்து உள்ளே கேமரா விட்டுப் பார்த்த பிறகுதான் முழுசாத் தெரிந்தது. அந்த அலகு அதன் பிறகு ஓடவே இல்லை.

24/
ஷீல்டு, எர்த், மூணாவது ஒயர் என்று இவ்வளவு நேரம் பேசியதன் காரணம் இதுதான். சரியில்லாத ஒயரிங் ஒரு தப்பான எண்ணைத் தருவதோடு நிற்பதில்லை. தினமும் காரணமில்லாமல் ஆடும் ரீடிங், அதைப் பார்க்கும் மனிதருக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்குது: "இதை நம்பாதே." அவர் அந்தப் பாடத்தை நல்லாக் கத்துக்கிறார். பிறகு ஒருநாள் அந்த மீட்டர் உண்மையைச் சொல்லும்போது, கத்துக்கிட்டபடியே நடந்துக்கிறார்.

அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நம்பிக்கையைக் கெடுத்தது அந்த ஒயர்.

25/
ஐசியுவில் இதை தினமும் பார்க்கிறோம். ஒட்டாத எலெக்ட்ரோடு, இழுபடும் கேபிள், அதனால் ஓயாத அலாரம். பத்தாவது தடவை நர்ஸ் திரும்பிப் பார்க்கிறார், இருபதாவது தடவை சத்தத்தைக் குறைக்கிறார். இருபத்தொண்ணாவது நிஜமான ஒண்ணா இருந்தா?

அதனால் "அது எப்பவும் அப்படித்தான் காட்டும்" என்று யாராவது சொன்னா, அது பாய்லரா இருந்தாலும் சரி, தடுப்பூசி ஃப்ரிட்ஜா இருந்தாலும் சரி, அன்னைக்கே ஒயரைப் பிரிச்சுப் பாருங்க. சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி இணைப்பையும் எர்த்தையும் பாருங்க. பாதிப் பிரச்சனை அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

26/
ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வணக்கம். கேபிள் டிரேக்கு அடியில் படுத்து ஒரு ஷீல்டு முனையைச் சரியா வெட்டி டேப் சுத்தும் உங்கள் வேலையை யாரும் பார்ப்பதில்லை. அங்கே மேலே உட்கார்ந்து எண்ணைப் பார்க்கும் மனிதர் அதை நம்புவது அந்த வேலையால்தான்.

 பயன்படும்னு தோணினா, ஆலையிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை செய்யும் ஒருத்தருக்கு அனுப்பி வையுங்க.